மன்றாடியும் மன்னாடியும்



இந்த அறக்கட்டளைப் பொழிவின் அழைப்பிதழில் ‘பழனிமலையில் அரசதிகாரம்’ என்று தலைப்பை அச்சிட்டுவிட்டார்கள். அவ்வளவு பெரிய சுமையோடு நான் மலையேறவில்லை. ஒரே ஒரு சொல்லைத்தான் கொண்டுவந்திருக்கிறேன். மன்னாடி. தாண்டிக்குடியில் இருப்பவர்களுக்கு இந்தச் சொல்லை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கீழே இறங்கி வத்தலக்குண்டில் கேட்டால் பாதிப் பேர் யோசிப்பார்கள். சென்னையில் கேட்டால் பாரிமுனைக்குப் பக்கத்தில் இருக்கும் மண்ணடிக்கு வழி சொல்வார்கள்.

இந்தச் சொல்லைப் பற்றி ஆங்கிலேயர் காலத்து ஆவணம் என்ன சொல்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1906-இல் டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய மதுரை மாவட்ட கெசட்டியர் வந்தது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-இல். அதுவரை இந்த மலை மதுரையைச் சேர்ந்தது. பழனி மலையில் முக்கியமான வேளாண் குடிகள் குன்னுவர் என்று பிரான்சிஸ் எழுதுகிறார். அவர்களுடைய முன்னோர் தாராபுரம், காங்கயம் பகுதி வேளாளர்கள். நான்கைந்து நூற்றாண்டுகளுக்கு முன் சமவெளியில் போர்க் குழப்பம் தாங்காமல் மேலே வந்தவர்கள். பஞ்சம்தான் காரணம் என்று சொல்வோரும் உண்டு. விருப்பாச்சி, ஆயக்குடிப் பாளையக்காரர்கள் இவர்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்தார்கள். குன்னுவரே சொல்லும் வரலாறாக இதையெல்லாம் பதிவு செய்கிறார். பெரிய குன்னுவர், குன்னுவர், சின்னக் குன்னுவர் என்று மூன்று பிரிவு என்கிறார். ஊருக்கு ஒரு தலைவர், பெயர் மன்னாடி, வழக்கமான அதிகாரங்கள் உடையவர் என்று போகிறபோக்கில் ஒரு வரி. 1909-இல் எட்கர் தர்ஸ்டன் தம்முடைய தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் தொகுதிகளில் இதையே எடுத்துப் போட்டுக்கொண்டார். அதற்குப் பின் வந்தவர்களும் அப்படியே.

வழக்கமான அதிகாரம் என்றால் என்ன? மதுரையில் மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரிக்கு அது கேட்கத் தோன்றாத கேள்வி. சமவெளி முழுக்க நாட்டாண்மைக்காரர், அம்பலக்காரர், பட்டக்காரர், மணியக்காரர் என்று பார்த்துப் பழகியவருக்கு மன்னாடியும் அவர்களில் ஒருவர். நமக்கு அப்படி இல்லை. அம்பலம் என்றால் பொதுவெளி; அதிலிருந்து அம்பலக்காரர். பட்டம் கட்டிக்கொண்டவர் பட்டக்காரர். நாட்டை ஆள்பவர் நாட்டாண்மை; 1994-இல் வந்த சரத்குமார் படத்துக்குப் பிறகு அந்தச் சொல்லைச் சொன்னாலே வெள்ளை வேட்டியும் சொம்பும்தான் நினைவுக்கு வருகின்றன, அது வேறு கதை. ஒவ்வொரு சொல்லும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. மன்னாடி மட்டும் வாயைத் திறப்பதில்லை. ஏனென்றால் அதன் முகம் தேய்ந்துபோயிருக்கிறது.

தேய்ந்தது எப்படி என்று பார்ப்பது கடினமில்லை. கன்று என்று எழுதுகிறோம், கன்னு என்று பேசுகிறோம். ஒன்று ஒண்ணு ஆகிறது, அல்லது ஒன்னு. கொன்று என்பது கொன்னு. குன்று என்பது குன்னு. அப்படித்தான் குன்றவர் குன்னுவர் ஆனார்கள் என்பது என் கருத்து. கோயம்புத்தூர்ப் பக்கம் குன்னூர் என்ற ஊரிலிருந்து வந்ததால் அந்தப் பெயர் என்று குன்னுவர் மரபு சொல்கிறது. அதுவும் சுற்றி அங்கேதான் வருகிறது, குன்னூரும் குன்றூர்தானே. இதே வாய்ப்பழக்கம் இன்னொரு சொல்லையும் தேய்த்தது. மன்றாடி, மன்னாடி ஆயிற்று. இன்று ‘குன்னுவர் மன்னாடி’ என்று சேர்த்துச் சொல்லும்போது இரண்டு சொற்களும் ஒரே கல்லில் அரைபட்டவை என்பது காதிலேயே கேட்கிறது.

‘மன்னன் என்பதிலிருந்து வந்ததுதான் மன்னாடி, நாங்கள் சிற்றரசர்கள்’ என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முருகன் இங்கிருந்து பழனிக்குத் தாண்டிக் குதித்ததால்தான் தாண்டிக்குடி என்று கோயிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறோம், யாரும் இலக்கணம் கேட்பதில்லை. மன்னவனூர் என்றே மேல்மலையில் ஓர் ஊர் இருக்கிறது. (பெயரில் மன்னவன் இருந்தாலும் இன்று அந்த ஊரை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியவைத்திருப்பது மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம். ஆட்டைப் பற்றிச் சற்று நேரத்தில் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.) ஆனால் மன்னன் என்ற சொல் போகும் வழி வேறு. மன்னுதல் என்றால் நிலைத்திருத்தல். தன் கொடியும் குடையும் நிலைக்கும் என்று சொல்லிக்கொள்பவன் மன்னன். மன்றாடியின் வேர் மன்று. அது ஆளைக் குறிக்கும் சொல் இல்லை, இடத்தைக் குறிக்கும் சொல்.

மன்று என்ற இடத்துக்குப் பழந்தமிழில் இரண்டு பயன் உண்டு. ஊர் கூடும் பொதுவெளி அது. மாடு அடையும் தொழுவமும் அது. அகராதிகள் இரண்டையும் தனித்தனியாக எண் போட்டு வைத்திருக்கின்றன. அந்த எண்களை நம்பிப் போனால் குழம்பிவிடுவோம்.

சோழர் காலக் கல்வெட்டுகளைப் படிக்கிறவர்களுக்கு ‘மன்றாடி’ மிகவும் பழக்கமான சொல். அங்கே அவர் ஊர்த்தலைவர் இல்லை, ஆடு வளர்ப்பவர். ஒருவர் கோயிலுக்கு அணையாவிளக்கு, கல்வெட்டு மொழியில் நந்தாவிளக்கு, வைக்க விரும்புகிறார். பணத்தைக் கோயிலில் கட்டிவிட்டுப் போவதில்லை. ஒரு விளக்குக்கு 96 ஆடு என்று கணக்கு. சில ஊர்களில் 90. அந்த ஆடுகளை மன்றாடி ஒருவர் ஏற்றுக்கொள்கிறார். நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். அவர் காலத்துக்குப் பின் அவர் மக்கள் அளக்க வேண்டும். ஆடுகள் கிழப்படும், சாகும், குட்டி போடும். அது மன்றாடியின் பாடு. கல்வெட்டுக்கு அந்த எண்ணிக்கை குறையவே குறையாது. அதனால்தான் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். இன்று வங்கியில் போடும் நிரந்தர வைப்புத்தொகைகூட இவ்வளவு தைரியமான பெயரை வைத்துக்கொண்டதில்லை. மன்றாடி வாக்குத் தவறினால் யார் பொறுப்பு? பிற இடையர்கள் அவருக்குப் பிணை நிற்கிறார்கள். ‘இடைப்புணை’ என்று தொண்டைநாட்டுக் கல்வெட்டுகள் சொல்வது அதைத்தான்.

ஆக மன்றாடி என்பவர் மந்தையை மட்டும் வைத்திருந்தவர் என்று நினைத்தால் பாதிதான் புரிந்தது. பிறர் சொத்தைப் பொதுவில் ஏற்று, சாட்சிகள் முன் வாக்குக் கொடுத்து, தலைமுறை கடந்து கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் அவர். அந்தப் பெயரில் எப்போதும் ஓர் அவை இருக்கிறது.

‘எங்கள் பட்டத்தைக் கொண்டுபோய் ஆடு மேய்க்கிறவரோடு சேர்க்கிறீர்களே’ என்று யாரும் மனம் நோக வேண்டாம். சேர்ப்பது நான் இல்லை. நீலகிரிக்குப் போய்ப் பாருங்கள். தோடர்களின் குடியிருப்புக்கு மந்து என்று பெயர். வீடும், எருமைப் பட்டியும், பாலைக் கடையும் புனித மனையும் சேர்ந்ததுதான் மந்து. ஒத்தைக்கல்மந்து ஊட்டியானதும் உதகமண்டலமானதும் உங்களுக்குத் தெரியும். தோடர்களுக்கு அடுத்த மலைச்சரிவில் இருக்கும் கோத்தர்கள் அதே வேரிலிருந்து வந்த மந்த் என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் அது ஊர்க்கூட்டம். மலையாளத்தில் மன்னம் என்றால் கூடி வழக்குப் பேசும் இடம். பர்ரோவும் எமெனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியில் இவை எல்லாம் ஒரே பதிவுக்குள் இருக்கின்றன. கால்நடை அடையும் இடமும் ஊர் கூடும் இடமும் ஒரே சொல்லில் ஏன் தங்கின என்பதற்கு அகராதி காரணம் சொல்லாது. மாடு வைத்திருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். மாலையில் மந்தை ஓரிடத்துக்கு வரும். அப்போதுதான் யார் மாடு யார் காட்டில் மேய்ந்தது, எந்தக் கன்றைக் காணோம், எது யாருடைய கொட்டிலில் நிற்கிறது என்ற பேச்சு வரும். வழக்கு பிறக்கும் இடத்திலேயே தீர்க்கவும் வேண்டும்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். ‘மந்தையில கூட்டம் போட்டிருக்காங்க’ என்று திண்டுக்கல், மதுரைச் சீமையில் இன்றும் சொல்கிறோம். அந்த மந்தையில் ஆடுமாடு நின்று எத்தனையோ காலமாயிற்று. மந்தையம்மன் கோயில் இருக்கும், கொடிக்கம்பங்கள் இருக்கும், நிழற்குடை இருக்கும். வழக்கு மட்டும் இன்னும் அங்கேதான் வருகிறது.

‘ஆடி’ என்ற பின்பாதிக்கு நெடிய விளக்கம் வேண்டாம். சொல்லாடுதல், வழக்காடுதல், உரையாடுதல், வேட்டையாடுதல் என்பவற்றில் உள்ள அதே ஆடு. மன்றின் காரியத்தை நடத்துபவர் மன்றாடி. நாலு காலால் நடக்கும் ஆட்டை இதற்குள் இழுப்பவர்கள் உண்டு. கல்வெட்டு மன்றாடியைப் பார்த்தால் அது பொருந்துவது போலத் தோன்றும், ஆனால் வழக்காடியிடம் எந்த ஆடும் இல்லையே.

இனி இந்தச் சொல் மலையேறிய வழி. குன்னுவர் தங்கள் பூர்வீகமாகச் சொல்லும் காங்கயத்தை மறந்துவிடாதீர்கள். காங்கயத்துக்குப் பக்கத்தில் பழையகோட்டை. அங்கே இருந்த கொங்கு வேளாளப் பட்டக்காரர்களின் பட்டப்பெயர் சர்க்கரை மன்றாடியார். காங்கயம் காளை என்று இன்று உலகம் அறியும் இனத்தைப் பல தலைமுறைகளாகத் தேர்ந்து வளர்த்துப் பேர் வாங்கியது அந்தக் குடும்பம். கிளுவை முள்வேலி கட்டி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமும் வளரவிட்டு, மாடுகளைத் திறந்துவிடும் கொறங்காடு என்ற மேய்ச்சல் முறை அந்த வறண்ட நிலத்துக்கே உரியது. மன்று என்ற சொல்லின் இரண்டு பொருளும், மந்தையும் அதிகாரமும், ஒரே வீட்டில் ஒன்றாக இருந்த இடம் இதைவிடத் தெளிவாக எனக்குக் கிடைக்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் மன்னாடியார் என்ற பெயரோடு குடும்பங்கள் இருக்கின்றன. அங்கேயும் ‘ன்ற’ தேய்ந்து ‘ன்ன’ ஆகிவிட்டது. கொங்குச் சமவெளியில் எழுத்தோடு ஒட்டி நின்ற மன்றாடியார், மேற்கே கணவாய் வழியாகவும் தெற்கே மலைவழியாகவும் போனபோது பேச்சோடு போயிருக்கிறார். பட்டயத்தில் எழுதி அனுப்பிய சொல்லாக இருந்திருந்தால் ‘ற’ பிழைத்திருக்கும். மக்கள் மூட்டைமுடிச்சோடு வாயில் வைத்துக் கொண்டுவந்ததால்தான் இந்தத் தேய்மானம் என்று நான் நினைக்கிறேன்.

அவர்கள் வந்தபோது இந்த மலை ஆளில்லாத மலை அல்ல. சங்க காலத்தில் கோடைமலைத் தலைவனாகக் கடிய நெடுவேட்டுவன் இருந்தான். பெருந்தலைச் சாத்தனார் அவனைப் பாடியது புறநானூற்றில் 205-ஆம் பாட்டு. பழனியில், அன்றைய பொதினியில், ஆவியர் குலத்து வேள் பேகன். மலையடிவாரப் பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் தோண்டியெடுத்த நெல்மணிகள் கி.மு. 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கணிக்கப்பட்டது. அதே குழு தாண்டிக்குடியிலும் பெருங்கற்கால ஈமச்சின்னங்களை அகழ்ந்தது. இந்த மலையின் கற்திட்டைகளைப் பற்றி ஆங்கிலாதும் நியூட்டனும் எழுதிய நூலைத் தொல்லியல் துறை 1928-இலேயே வெளியிட்டது. வேட்டுவன், வேள் என்ற அந்தப் பழைய சொற்களில் ஒன்றுகூட ஊர்த் தலைவருக்கான பெயராக இங்கே தங்கவில்லை. கல் தங்கியது, சொல் போய்விட்டது.

மலை ஊரின் மன்று எப்படி இருந்திருக்கும் என்று கேட்டால், புறநானூற்றின் 128-ஆம் பாட்டைத்தான் கைகாட்டுவேன். பொதியில் மலையில் ஆய் அண்டிரனின் ஊர். மன்றத்தில் ஒரு பலாமரம். பரிசில் கேட்டு வந்தவர்கள் தங்கள் முழவை அதன் கிளையில் மாட்டிவிட்டு இருக்கிறார்கள். மந்தி ஒன்று அதைப் பலாப்பழம் என்று நினைத்துத் தட்டிப் பார்க்கிறது. கீழ்மலைக் காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் பலாவையும், அதைக் காவல் காத்துக் காத்துச் சலித்துப்போன தோட்டக்காரரையும் தெரிந்தவர்களுக்கு முடமோசியார் பாடியது கற்பனை போலத் தோன்றாது. மன்று என்பது மரம், அதன் நிழல், அங்கே வந்து உட்காரும் உரிமை. கட்டடம் பிறகு வந்தது.

இப்போது இந்தச் சொல்லின் விசித்திரமான பகுதிக்கு வருகிறேன். மலையில் மன்னாடி என்றால் அதிகாரி. சமவெளித் தமிழில் மன்றாடுவது என்றால் கெஞ்சுவது. காலில் விழாத குறையாக மன்றாடினான் என்கிறோம். கொடைக்கானல் மாதா கோயில்களில் ஞாயிறுதோறும் ‘மன்றாட்டு’ சொல்கிறார்கள், அது வேண்டுதல். ஒரே சொல், ஒருபுறம் தீர்ப்புச் சொல்கிறவர், மறுபுறம் இரங்கும்படி கேட்பவர். எப்படி?

நடுவில் ஒரு பொருள் இருந்தது. மன்றாடுதல் என்றால் மன்றத்தில் நின்று வழக்கை எடுத்துச் சொல்லுதல். மன்றுக்கு அப்போது பல் இருந்தது. ‘மன்றுபாடு’ என்ற சொல் சோழர் காலக் கல்வெட்டுகளின் வருவாய்ப் பட்டியலில் வருகிறது; மன்றம் விதிக்கும் தண்டம் அது. தண்டம் போடுகிற இடத்தில் பேசுவது கௌரவமான காரியம். ஐஸ்லாந்தில் 930-இல் தொடங்கிய ஆல்திங் என்ற பொதுவெளிக் கூட்டத்தில் சட்டம் சொல்பவர் என்று ஒரு பதவி உண்டு. சட்டத்தை மனப்பாடமாக எடுத்துச் சொல்வது அவர் வேலை; படையும் கிடையாது, அரண்மனையும் கிடையாது. மன்றாடியை நான் அந்த வரிசையில் வைப்பேன். அவர் பேச்சுக்கு மதிப்பு, அவை கூடியிருக்கும் வரை. கூட்டம் கலைந்தால் அவரும் காட்டு வேலைக்குப் போகிறவர்.

பிறகு மன்று கைமாறியது. மதுரை நாயக்கர் ஆட்சியில் பாளையங்கள் வந்தன. பாளையம் என்றால் படை இறங்கும் இடம். அங்கே தண்டம் விதிப்பவர் படை வைத்திருப்பவர். 1792-இல் திப்புவோடு செய்த உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமை கும்பினியாரிடம் போனது. 1801-இல் விருப்பாச்சிக் கோபால நாயக்கரைத் தூக்கிலிட்டார்கள். அதற்குப்பின் கலெக்டர் கச்சேரி, முன்சீப் கோர்ட்டு, மணியக்காரர், கர்ணம். ஊர்க்காரர் பேச வேண்டிய இடம் ஊருக்கு வெளியே போய்விட்டது. மொழி தெரியாத, முகம் தெரியாத ஒருவர் முன் கைகட்டிப் பேச வேண்டும். நம் மன்றில் பேசினால் வழக்காடுதல், அடுத்தவர் மன்றில் பேசினால் கெஞ்சுதல். மன்றாடுதல் என்ற வினையின் பொருள் மாறியதற்கு இந்த அதிகார மாற்றம் முழுக் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கடவுள் முன் நின்று மன்றாடும் பக்தி மரபுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் கச்சேரி எட்டாத மலையில் மட்டும் பழைய பொருள் பெயர்ச்சொல்லாக உயிர் பிழைத்தது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. லெப்டினன்ட் வார்டு 1821-இல் அளக்க வரும்வரை அரசாங்கத்துக்கு இந்த மலையின் முழு வடிவமே தெரியாது. அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானலில் வீடு கட்டியது 1845-இல்.

இவ்வளவு சொன்னதும் மன்னாடியின் மன்று மக்களாட்சியின் தொட்டில் என்று யாராவது கைதட்டிவிடக் கூடாது. பிரான்சிஸின் அதே பத்தியில் இன்னொரு செய்தி இருக்கிறது. குன்னுவர் வருமுன் இந்த நிலத்தைப் பயிர் செய்தவர்கள் புலையர். குன்னுவர் அவர்களை வெளியேற்றினார்கள், கடைசியில் பண்ணையடிமைகளாக்கினார்கள். புலையர் சோம்பேறிகள் என்று ஓர் அடைமொழியும் போட்டிருக்கிறார் பிரான்சிஸ். அவருக்கு அதைச் சொன்னவர் யாராக இருந்திருப்பார்? நிலம் இழந்தவர் நிச்சயமாக இல்லை. ஊருக்கு வந்த அதிகாரிக்கு நாற்காலி போட்டுப் பேசும் உரிமை யாருக்கு இருந்ததோ அவர் சொன்னதைத்தான் அவர் எழுதியிருப்பார். மன்றுக்கு ஓர் எல்லை இருந்தது. அந்த எல்லைக்கு வெளியே நின்று கையேந்திப் பேசியவர்களுக்கு, மன்றாடுதல் என்றால் கெஞ்சுதல் என்ற பொருள் புரிய கும்பினிக் கச்சேரி வரவேண்டியிருந்திருக்காது. பெண்களும் அந்த மரத்தடியில் உட்காரவில்லை. ஊரின் பாதிப் பேருக்கும் மேல் இல்லாத மன்று அது.

மணியக்காரர் பதவியையும் கர்ணம் பதவியையும் 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். மன்னாடி பதவியை யாரும் ஒழிக்கவில்லை, அரசு அதைக் கொடுக்கவும் இல்லையே. ஆனால் அதற்கு வேறொன்று நடந்தது. தமிழ்நாட்டின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ‘குன்னுவர் மன்னாடி’ என்று ஒரு சாதிப் பெயர் இருக்கிறது. ஊருக்கு ஒருவர் வகித்த பதவி சமூகத்தின் பெயராக அச்சேறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் சேரப்போகும் ஐந்து வயதுப் பெண்குழந்தையும் சான்றிதழில் மன்னாடிதான். ஊருக்கு ஒரு தலைவர் என்றிருந்த சொல்லை வட்டாட்சியர் அலுவலக முத்திரை எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டது.

மன்று என்ன ஆயிற்று? சட்டமன்றம், நீதிமன்றம், நாடாளுமன்றம் என்று அந்தச் சொல் பெரிய கட்டடங்களுக்குக் குடிபோய்விட்டது. ஊரில் மிச்சம் இருப்பது கிராம சபை. 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தபோது அதற்குச் சட்ட உயிர் கிடைத்தது. மறு ஆண்டில் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். குடியரசு நாள், மே தினம், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் என்று நான்கு நாள் கூடிக்கொண்டிருந்தது. இப்போது மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவற்றையும் சேர்த்து ஆறு. உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் ஆயிற்று. இந்த ஊராட்சியிலும் கிராம சபை கூடுகிறது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காப்பிக் காட்டுக்குத் திரும்பிவிடுகிறவர்கள் பலர் என்று வெளியே டீக்கடையில் சொன்னார்கள். தீர்மானப் புத்தகத்தை வாங்கிப் பார்க்க ஊரின் வாக்காளர் எவருக்கும் உரிமை உண்டு. இங்கே இருக்கும் மாணவர்களில் பதினெட்டு வயது நிரம்பியவர்கள் அடுத்த கூட்டத்துக்குப் போய், மன்னாடி வீட்டுப் பெயர்கள் எத்தனை, புலையர் தெருவிலிருந்து பேசியவர்கள் எத்தனை பேர், பெண்கள் கேட்ட கேள்விகள் தீர்மானமாக எழுதப்பட்டனவா என்று குறித்து வந்தால், அடுத்த ஆண்டுப் பொழிவுக்கு என்னைவிட நல்ல பேச்சாளர் இந்த ஊரிலேயே கிடைப்பார்.